விண்டோஸ் 10-க்கு டாட்டா... பழைய கம்ப்யூட்டரை மாத்தணுமா? ஆரோவில் டு மரக்காணம், நாலு கம்ப்யூட்டர், நாலு பதில்!

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரை முழுக்க ஒரு அறிவிப்பு. 'உங்கள் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது' என்கிறது. கீழே ஒரு பட்டன், 'பிறகு நினைவூட்டு'. பெரும்பாலானோர் அந்தப் பட்டனைத்தான் தட்டுகிறார்கள். கம்ப்யூட்டர் எப்போதும் போல ஓடுகிறது. பிரிண்ட் வருகிறது, யூடியூப் ஓடுகிறது, டேலி திறக்கிறது. அப்புறம் எதற்கு மாற்ற வேண்டும்?

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே பதில் கிடையாது. 'உடனே மாத்துங்க' என்று சொல்பவர் ஒருவேளை புது லேப்டாப் விற்பவராக இருக்கலாம். 'ஒண்ணும் ஆகாது, விடுங்க' என்று சொல்பவர், உங்கள் கம்ப்யூட்டரில் யாருடைய ஆதார் நகல் கிடக்கிறது என்று பார்க்காதவராக இருக்கலாம்.

புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆரோவில் தொடங்கி மரக்காணம் உப்பளங்கள் வரையிலான பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒருபக்கம் வெளிநாட்டினர் வந்து தங்கும் விருந்தினர் இல்லங்கள், கைவினைக் கூடங்கள். இன்னொரு பக்கம் மீனவர் கிராமங்கள், உப்பு ஏற்றும் லாரிகள், ஜெராக்ஸ் கடைகள். சில கிலோமீட்டருக்குள் எல்லா வயதுக் கம்ப்யூட்டரும் இருக்கும் ஊர்கள் இவை. உதாரணத்துக்கு இங்கே நாலு கம்ப்யூட்டர்களை மனதில் வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகப் புரியும்.

முதலில், என்னதான் நடந்தது?

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29. பத்து ஆண்டுகள் கழித்து, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இதற்கு முன் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும் இதே கதை நடந்தது.

ஆதரவு முடிந்தது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. அது வழக்கம்போல ஓடும். நின்றுபோவது பாதுகாப்பு அப்டேட்தான். விண்டோஸ் போன்ற பெரிய மென்பொருளில் ஓட்டைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்படும். ஒவ்வொரு மாதமும் அவற்றை அடைக்கும் அப்டேட் வரும். இனி விண்டோஸ் 10-இல் ஓட்டை தெரியவந்தாலும் அதை அடைக்க இலவசமாக யாரும் வரமாட்டார்கள். ஆனால் திருடனுக்கு அந்த ஓட்டை தெரியும். விண்டோஸ் 11-க்கு வரும் அப்டேட்டைப் பிரித்துப் பார்த்தே, 'இதே ஓட்டை 10-லும் இருக்குமே' என்று கணிக்க முடியும். அதனால் நாள் ஆக ஆக ஆபத்து கூடும்.

'எங்கிட்ட ஆன்டிவைரஸ் இருக்கே?' என்று கேட்கலாம். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10-க்கும் வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஆன்டிவைரஸ் என்பது வாசலில் நிற்கும் காவலாளி. சுவரில் இருக்கும் ஓட்டையை அவர் பூச மாட்டார்.

பழசிலேயே இருந்தா நிஜமாவே ஆபத்தா?

2017 மே 12. வான்னாக்ரை என்ற பணப்பறிப்பு வைரஸ் உலகம் முழுக்கப் பரவத் தொடங்கியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் முடங்கின. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயின் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் தடுமாறின. இந்தியாவும் தப்பவில்லை. ஆந்திரக் காவல்துறையின் கம்ப்யூட்டர்கள், கேரளத்தில் சில பஞ்சாயத்து அலுவலகங்கள், மேற்கு வங்கத்தில் மின்விநியோக அலுவலகங்கள் பாதிக்கப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. அதாவது தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பே. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு அப்போது ஆதரவும் இருந்தது. அப்டேட் வந்தும் போடாததுதான் பிரச்னை. எனவே விண்டோஸ் 11-க்கு மாறிவிட்டு அப்டேட்டை நிறுத்தி வைப்பவரும், விண்டோஸ் 10-லேயே இருப்பவரும் கிட்டத்தட்ட ஒரே படகில்தான் இருக்கிறார்கள்.

இந்த ஆபத்தை ரிசர்வ் வங்கியும் சும்மா விடவில்லை. எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்த ஏடிஎம்களை 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றி முடிக்கச் சொல்லி 2018 ஜூனில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. எக்ஸ்பியின் ஆதரவு முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்தும் ஏடிஎம்களில் அது ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் இந்த உத்தரவே சொல்கிறது.

எல்லாக் கம்ப்யூட்டரும் 11-க்கு மாறுமா?

மாறாது. இங்குதான் சிக்கலே. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், 64-பிட் பிராசஸர் வேண்டும். இவை பெரிய தடை இல்லை. தடை மற்ற இரண்டில் இருக்கிறது.

ஒன்று, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. கடவுச்சொல், பூட்டுச் சாவி போன்றவற்றைத் தனியாகப் பத்திரப்படுத்தும் சின்ன சிப் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, பிராசஸரின் வயது. இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். அதாவது சுமாராக 2018-க்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை வெளியே நிற்கும்.

உங்கள் கம்ப்யூட்டர் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருள் போதும். ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிடும். அது 'டிபிஎம் இல்லை' என்று மட்டும் சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம். 2018-க்குப் பிந்தைய பல டெஸ்க்டாப்களில் அந்த வசதி பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். தெரிந்தவரிடம் சொல்லி ஆன் செய்தால் போதும், ஒரு பைசா செலவில்லை. 'பிராசஸர் பொருந்தாது' என்று சொன்னால்தான் வேறு வழி பார்க்க வேண்டும்.

குறுக்கு வழிகளும் உண்டு. சில சர்வீஸ் கடைகளில், பொருந்தாத கம்ப்யூட்டரிலும் தடையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுக் கொடுப்பார்கள். ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்கிறது. அப்டேட்டுக்காகத்தான் மாறுகிறோம் என்றால், அப்டேட் வருமா என்றே தெரியாத மாற்றத்தால் என்ன பயன்?

சரி, இப்போது அந்த நாலு கம்ப்யூட்டர்களைப் பார்ப்போம்.

கம்ப்யூட்டர் 1: விருந்தினர் இல்லத்து 2020 லேப்டாப்

ஆரோவில் அருகே குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் இல்லம். அறை முன்பதிவு, மின்னஞ்சல், வெளிநாட்டு விருந்தினர்களின் பாஸ்போர்ட் நகல், வங்கிப் பரிமாற்றம் எல்லாம் ஒரே லேப்டாப்பில். வாங்கியது 2020. விண்டோஸ் 11-க்குப் பொருந்தும்.

பதில்: யோசிக்கவே வேண்டாம், மாறலாம். அசல் உரிமம் உள்ள விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறுவது இலவசம். ஃபைல்களும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழையதற்கே திரும்பும் வசதியும் உண்டு.

புதிதாக என்ன கிடைக்கும்? உண்மையைச் சொன்னால், தினசரி வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஸ்டார்ட் மெனு நடுவுக்கு வந்திருக்கும், வலது கிளிக் மெனு கொஞ்சம் மாறியிருக்கும், முதல் ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும். வேகமும் கூடிவிடாது. 'புதுசு போட்டா ஸ்பீடாகும்' என்ற எதிர்பார்ப்போடு மாறினால் ஏமாற்றம்தான். இந்த மாற்றத்தின் லாபம் கண்ணுக்குத் தெரியாதது. ஓட்டைகள் தொடர்ந்து அடைக்கப்படும், அவ்வளவுதான். விருந்தினரின் பாஸ்போர்ட் நகல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அது போதுமான காரணம்.

ஒரு எச்சரிக்கை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினால், பல கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். திருட்டுப் போனாலும் தகவல் பத்திரம் என்பது நல்லதுதான். ஆனால் பின்னால் ஏதாவது கோளாறு வந்து அது மீட்புச் சாவியைக் கேட்கும்போது கையில் இல்லையென்றால், உங்கள் தகவலை நீங்களே திறக்க முடியாது. அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து, ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது.

கம்ப்யூட்டர் 2: ஜெராக்ஸ் கடை டெஸ்க்டாப்

மரக்காணம் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. 2016-இல் வாங்கிய டெஸ்க்டாப். ஆதார் பிரிண்ட், பட்டா நகல், கல்லூரி விண்ணப்பம், டிக்கெட் புக்கிங், மின்கட்டணம் என நாள் முழுக்க ஆட்கள் வருகிறார்கள். வாட்ஸ்அப் வெப்பில் வரும் பிடிஎஃப் எல்லாம் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் மாதக்கணக்கில் கிடக்கும். கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குப் பொருந்தாது.

நாலு பேரில் அவசரம் அதிகம் இவருக்குத்தான். காரணம், அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது அவருடைய தகவல் மட்டும் அல்ல. உப்பளத் தொழிலாளியின் வங்கிப் பாஸ்புக் நகல், மீனவர் குடும்பத்தின் நிவாரண விண்ணப்பம், பிளஸ் டூ மாணவியின் சாதிச் சான்றிதழ் எல்லாம் அதில்தான். வருகிறவர்கள் கொடுக்கும் பென் டிரைவ்களும் அதிலேயேதான் செருகப்படுகின்றன. ஓட்டை வழியாக யாராவது நுழைந்தால், நஷ்டம் கடைக்காரருக்கு மட்டும் இல்லை. அந்த நஷ்டப்பட்டவர்களுக்கு, எங்கிருந்து தகவல் போனது என்றே தெரியாது.

உடனே புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு வருட அவகாசத்துக்கு வழி இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். சேர மூன்று வழிகள்:

- கம்ப்யூட்டர் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பேக்கப் செய்தால் இலவசம்.
- மைக்ரோசாஃப்டின் 1,000 ரிவார்டு புள்ளிகள் கொடுத்துச் சேரலாம்.
- 30 டாலர் கட்டலாம். நம் பணத்தில் 2,500 ரூபாய்க்கு மேல். ஒரே கணக்கில் 10 கம்ப்யூட்டர்கள் வரை பயன்படுத்தலாம்.

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் சேர்வதற்கான இணைப்பு இருக்கும். அதற்கு உங்கள் விண்டோஸ் 10, கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஆங்கிலத்தில் 'வின்வெர்' என்று டைப் செய்தால் பதிப்பு தெரியும்.

இது தனிப்பட்ட பயனாளர்களை மனதில் வைத்த திட்டம். நிறுவன நெட்வொர்க்கில் இணைத்து நிர்வகிக்கப்படும் கம்ப்யூட்டர்களுக்குப் பொருந்தாது. நிறுவனங்களுக்குத் தனித் திட்டம். முதல் ஆண்டுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பாகும், அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். பள்ளி, கல்லூரிகளுக்கு முதல் ஆண்டுக்கு 1 டாலர்தான்.

ஆக, ஜெராக்ஸ் கடைக்கான பதில்: இன்றே அந்தத் திட்டத்தில் சேர வேண்டும். அவகாசம் முடிவதற்குள் வேறு கம்ப்யூட்டருக்குப் பணம் சேர்க்க வேண்டும். அதுவரை செலவில்லாத ஒரு வேலை உண்டு. தினமும் கடையை மூடும்போது வாடிக்கையாளர்களின் ஃபைல்களை அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வது. இல்லாத ஃபைலை யாரும் திருட முடியாது.

கம்ப்யூட்டர் 3: வீட்டில் கிடக்கும் அரசு லேப்டாப்

பொம்மையார்பாளையத்தில் ஒரு வீடு. அலமாரி மேல் அரசு முத்திரை போட்ட பழைய லேப்டாப். அக்கா பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்தது, இப்போது தம்பி ஒன்பதாம் வகுப்பு.

இப்படி ஒன்று இருக்கும் வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். இலவச லேப்டாப் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அடுத்த எட்டு ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆரம்ப ஆண்டுகளில் தரப்பட்டவற்றில் 2 ஜிபி ரேம்தான். இவற்றுக்கு விண்டோஸ் 11 கனவு கூடக் கிடையாது.

அப்போ குப்பையா? அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் மட்டுமே இயங்குதளம் இல்லை. லினக்ஸ் இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். உதாரணமாக லினக்ஸ் மின்ட் 2 ஜிபி ரேமில் இயங்கும், 4 ஜிபி இருந்தால் வசதியாக இருக்கும். அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரிந்தே கூடும். தம்பி பாடக் காணொலி பார்க்க, டைப்பிங் பழக, நிரலாக்கம் கற்க இது போதும். தமிழ் 99 விசைப்பலகையும் அதில் உண்டு.

லினக்ஸ் தமிழ்நாட்டுக்கு அந்நியமும் இல்லை. 2007 வாக்கில், எல்காட் நிர்வாக இயக்குநராக ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர் இருந்தபோதே அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. சிடாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதே காலத்தில் வெளிவந்தது. 2014-இல் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது, துறைகள் எல்லாம் பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு தமிழ்நாடு அரசு சொன்னது. ஆனாலும் இன்று அரசு அலுவலகங்களில் விண்டோஸைப் பரவலாகப் பார்க்கிறோம். இயங்குதளத்தை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. அதில் வேலை செய்யும் ஆட்களின் பழக்கத்தை, பிரிண்டரை, பல வருடமாக டைப் செய்து சேர்த்த ஃபைல்களை மாற்றுவது அப்படி இல்லை. பக்கத்து மாநிலமான கேரளம், பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்தபோது ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சியும் கொடுத்தது. அங்கே அது நிலைத்து நின்றது.

வீட்டுக்கும் இதே பாடம்தான். லினக்ஸ் போட்டுவிட்டு, சந்தேகம் கேட்க ஆள் இல்லையென்றால் லேப்டாப் மறுபடி அலமாரிக்கே போய்விடும். விழுப்புரம் மாவட்டத்துக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுத்து வருகிறது. புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் இருக்கிறார்கள். பொறியியல் படிக்கும் தெருப் பையன் ஒருவன் இருந்தாலும் போதும்.

கல்லூரியில் படிப்பவர்கள் வீட்டில் இருந்தால் இன்னொரு செய்தி. 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று தமிழ்நாடு அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது. அது கிடைக்கப் போகிறவர்கள் அவசரப்பட்டுக் கடன் வாங்கிப் புது லேப்டாப் வாங்குவதற்கு முன் கல்லூரியில் விசாரித்துவிடலாம்.

கம்ப்யூட்டர் 4: உப்பு லாரி எடை போடும் அறை

மரக்காணம் உப்பளங்களில் ஜனவரி வாக்கில் தொடங்கும் உற்பத்தி, வடகிழக்குப் பருவமழை வரும் வரை நடக்கும். உப்பு மூட்டை ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறும், அறைக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் எடையைப் படித்து டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ரசீது அடிக்கும். உள்ளே ஓடுவது டாஸ் காலத்து பில்லிங் மென்பொருள். எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது.

இங்கே பதில் தலைகீழ்: தொடாதீர்கள். விண்டோஸ் 11-இல் 32-பிட் பதிப்பே கிடையாது. 64-பிட் விண்டோஸில் பழைய 16-பிட் மென்பொருள்கள் ஓடாது. மாற்றிய மறுநாள் லாரிகள் வரிசையில் நிற்கும், ரசீது வராது.

ஆனால் ஒரு நிபந்தனை. இந்தக் கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து கழற்றிவிட வேண்டும். வைஃபை வேண்டாம், போன் ஹாட்ஸ்பாட் வேண்டாம், இடைவேளையில் சினிமா பார்ப்பதும் வேண்டாம். பென் டிரைவ் போட்டே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். இணையமே இல்லாத கம்ப்யூட்டருக்கு, ஆதரவு முடிந்த விண்டோஸால் வரும் ஆபத்து மிகக் குறைவு. ஜிஎஸ்டி, வங்கி வேலைகளை வேறு கம்ப்யூட்டரில் பார்க்கலாம். அடுத்த மழைக்காலத்தில் வேலை குறைந்திருக்கும்போது புது பில்லிங் மென்பொருளுக்கு மாற முடியுமா என்று பார்ப்பது நல்லது. ஏனென்றால் இந்தப் பெட்டி விண்டோஸால் சாகாவிட்டாலும் வேறொன்றால் சாகும்.

உப்புக் காற்றுக் கணக்கு

அந்த வேறொன்று, கடற்கரைக்கே உரிய பிரச்னை. ஈரமும் உப்பும் கலந்த காற்றை ஃபேன் உள்ளே இழுக்கும். மதர்போர்டு இணைப்புகளில் துரு ஏறும், ரேம் முனைகள் பச்சை பூக்கும், யுஎஸ்பி துளைகள் இறுகும். எனவே இந்தப் பகுதியில் பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி, ரேம் என்று பணம் போடும் முன், பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். உள்ளே துரு அதிகம் என்றால் அந்தப் பணத்தைப் புதிய கம்ப்யூட்டருக்கு ஒதுக்குவதே லாபம். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்க ஏறியிருப்பதையும் கணக்கில் வைக்கணும். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம்.

இவ்வளவு கம்ப்யூட்டர்களைத் தூக்கிப்போட்டால் குப்பை எங்கே போகும்?

விண்டோஸ் 10-இன் முடிவால் உலகம் முழுக்க சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் மின்னணுக் கழிவாகலாம் என்று கெனாலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணித்தது. நல்ல நிலையில் ஓடும் பெட்டியை, ஒரு மென்பொருளின் நிபந்தனையால் தூக்கிப்போடுவது சரியா என்ற கேள்வி பல நாடுகளில் எழுந்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நுகர்வோர் அமைப்புகள் கொடுத்த அழுத்தத்துக்குப் பிறகு, அங்கே நீட்டிப்பு அப்டேட்டுக்கான நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. இந்தியாவில் அப்படி நடக்கவில்லை.

தூக்கிப்போடத்தான் வேண்டும் என்றாலும் பழைய இரும்புக் கடைக்கு வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். கொடுக்கும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளவும். ஃபைலை டெலீட் செய்தால் மட்டும் தகவல் போய்விடாது.

மாறும்போது செய்யவே கூடாதவை

- பேக்கப் இல்லாமல் தொடங்கக் கூடாது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல், ஆன்லைனில் ஒரு நகல்.
- மின்வெட்டு நாளில் தொடங்கக் கூடாது. பாதியில் கரன்ட் போனால் சிக்கல். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம்.
- கிராக் விண்டோஸ் போடக் கூடாது. சில நூறு ரூபாய்க்குப் போட்டுத் தரும் 'ஆக்டிவேட்டர்' மென்பொருளே வைரஸாக இருக்கலாம். பாதுகாப்புக்காக மாறிவிட்டு, வாசல் சாவியைத் திருடனிடமே கொடுத்த கதையாகிவிடும்.
- பழைய தமிழ் ஃபைல்களைச் சோதிக்காமல் மாறக் கூடாது. டிடிபி கடைகளில் பாமினி, வானவில் எழுத்துருவில் வருடக்கணக்கில் அடித்த ஃபைல்கள் இருக்கும். அந்த எழுத்துருக்கள் இல்லையென்றால் திருமண அழைப்பிதழ் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். எழுத்துருக் கோப்புகளை முதலில் தனியாக நகல் எடுத்துக்கொள்ளவும்.
- முக்கியமான வேலை இருக்கும் வாரத்தில் மாறக் கூடாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது விண்டோஸ் அப்டேட் இல்லைதான். ஆனால் எந்த அப்டேட்டும் சொதப்பலாம் என்பதற்கு அது உதாரணம். ஜிஎஸ்டி தாக்கல், கல்லூரி விண்ணப்பக் கடைசி நாள் நெருங்கும்போது கைவைக்க வேண்டாம்.

அப்போ முடிவா என்ன?

'புது விண்டோஸ் நல்லா இருக்கா?' என்பதை விட்டுவிட்டு, இந்த மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

1. இந்தக் கம்ப்யூட்டர் இணையத்தோடு இருக்கிறதா? இல்லை என்றால் அப்படியே விடலாம்.
2. இதில் பணமோ, அடுத்தவர் தகவலோ இருக்கிறதா? இருந்தால், அப்டேட் வராத விண்டோஸில் ஒரு நாள்கூட இருக்க வேண்டாம். பொருந்தினால் 11, பொருந்தாவிட்டால் நீட்டிப்புத் திட்டம்.
3. பெட்டி இன்னும் சில ஆண்டுகள் தாங்குமா? தாங்கும், ஆனால் 11 ஏறாது என்றால் லினக்ஸ். தாங்காது என்றால் புதியது வாங்கப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.

நீட்டிப்புத் திட்டத்தின் கடைசி நாள் 2026 அக்டோபர் 13. நம் ஊரில் அது பருவமழை தொடங்கும் நேரம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் எப்படி வெள்ளத்தில் மிதந்தது என்பதை இந்தக் கடற்கரை மறந்திருக்காது. மரக்காணத்தில் மழை வரும் முன்னாலேயே உப்பைக் குவித்து மூடிவிடுவார்கள். பேக்கப் எடுப்பதும் மாறுவதும் அதே போல அக்டோபருக்கு முன்னாலேயே முடிய வேண்டிய வேலை. அடுத்த முறை 'பிறகு நினைவூட்டு' பட்டனைத் தட்டும் முன், அந்த 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரை ஒருமுறை திறந்து, அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.